ஏலத்தோட்டத்து நான்கு சக்கர பைக்கை ஊராட்சிச் சாலையில் ஓட்டலாமா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கம்பம். கம்பம்மெட்டுக்கு மேலே, கேரள எல்லைக்குள் வண்டன்மேடு பக்கத்தில் எங்களுக்கு ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. தோட்டம் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. நடுவே ஊராட்சிச் சாலை போகிறது. மேல் துண்டிலிருந்து, கீழ் துண்டில் உள்ள காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அந்தச் சாலை வழியாக ஒன்றரை கிலோமீட்டர். உரமூட்டையும் மருந்தடிக்கும் பம்பும் ஏற்றிச் செல்வதற்காக, ஒரு ரிசார்ட்டில் ஓடிக்கொண்டிருந்த ஏ.டி.வி. என்கிற நான்கு சக்கர பைக்கை வாங்கினேன். விற்றவர் வெறும் பில் மட்டும் கொடுத்தார். தோட்டத்து வண்டிக்கு ஆர்.சி. தேவையில்லை என்றும், முகப்பு விளக்கு, இன்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன் மாட்டிக்கொண்டால் சாலையிலும் ஓட்டலாம் என்றும் சொன்னார். அப்படியே கம்பத்தில் ஒரு பட்டறையில் மாட்டினேன். சென்ற மாதம் கேரள மோட்டார் வாகனத் துறையினர் ஊராட்சிச் சாலையில் வண்டியை நிறுத்தி, பதிவில்லை என்று அபராதச் சீட்டு எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் தேனி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொண்டால் கேரளத்தில் கேட்கமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சாலையைக் குறுக்கே கடப்பதுகூடக் குற்றமா? பதினைந்து வயதான என் மகனும் அவ்வப்போது கடைத்தெருவரை ஓட்டிப் போகிறான். தோட்டத்தில் இரண்டு அறை கட்டி விருந்தினரைத் தங்கவைக்கும் எண்ணமும் இருக்கிறது. அவர்களுக்கு இந்த வண்டியை வாடகைக்குக் கொடுக்கலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. ஒரு வண்டி பொதுச்சாலையில் ஓடலாமா என்பதை அதன் உரிமையாளரோ, பட்டறைக்காரரோ, விற்றவரோ முடிவு செய்வதில்லை. அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வருமுன், அதன் தயாரிப்பாளர் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் அதைக் காட்டி ஒப்புதல் பெற்றாரா இல்லையா என்பதில் அது அப்போதே முடிவாகிவிடுகிறது. உங்களிடம் இருக்கும் வண்டி அவ்வாறு ஒப்புதல் பெற்ற மாடலாக இல்லாவிட்டால், எந்த மாநிலத்திலும் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகமும் அதைப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் சாலையில் ஏற்றுவது, அது நூறு அடியாக இருந்தாலும், குற்றம்தான்.

எப்படி இந்த முடிவுக்கு வருகிறேன் என்பதைச் சொல்கிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 39ஆம் பிரிவில், பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனத்தை எவரும் ஓட்டக்கூடாது, உரிமையாளர் ஓட்ட அனுமதிக்கவும் கூடாது என்கிறது. பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது படிவம் 20உடன், விற்பனையாளர் தரும் படிவம் 21ஐயும் தயாரிப்பாளர் தரும் படிவம் 22ஐயும் இணைக்க வேண்டும். இந்தப் படிவம் 22தான் சாலைத் தகுதிக்கான சான்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதியின்படி, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்ற நிலையங்களில் மாதிரி வண்டி சோதிக்கப்பட்டு ஒப்புதல் கிடைத்த பிறகே ஒரு தயாரிப்பாளரால் அந்தச் சான்றைத் தர முடியும். பிரேக், விளக்கு, புகை, ஒலி, டயர் என ஒவ்வொன்றும் அங்கே அளந்து பார்க்கப்படும். இந்தியாவில் விற்கப்படும் ஏ.டி.வி.களில் பெரும்பாலானவை இந்தச் சோதனைக்கே அனுப்பப்படாதவை. சாலைக்கு அல்ல என்ற நிபந்தனையோடுதான் அவை விற்கப்படுகின்றன. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதன் அடியிலோ பின்பக்கத்திலோ அந்த வரி சிறிய எழுத்தில் இருக்கும். வண்டியுடன் வந்த கையேட்டிலும், எரிபொருள் தொட்டியின் மேலோ மட்கார்டிலோ ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டிலும், தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார்.

தயாரிப்பாளர் இப்படி எழுதுவதற்குப் பொறியியல் காரணம் இருக்கிறது. உங்கள் வண்டியின் பின்சக்கரங்களைக் கொஞ்சம் தூக்கிவைத்து ஒன்றைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பல மாடல்களில் மற்றதும் அதே திசையில் அதே வேகத்தில் சேர்ந்து சுழலும். இரண்டும் ஒரே திடமான அச்சில் கோக்கப்பட்டிருக்கும், கார்களில் இருப்பதுபோல, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் இருக்காது. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும் என்பதால், இப்படிக் கோத்த வண்டி திரும்ப வேண்டுமென்றால் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கியாக வேண்டும். தோட்டத்துச் சேற்றிலும் சருகிலும் அது எளிதாக வழுக்கிவிடுகிறது. தாரில் டயர் பிடித்துக்கொள்கிறது. வண்டி நேராகவே போகப் பார்க்கும், ஹேண்டிலை வலுவாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதோடு, கார் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம் என்றால், இந்த ஊதல் டயர்களில் 5 பி.எஸ்.ஐ. அளவில்தான் காற்று இருக்கும். கம்பம்மெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில், இறக்கத்தில், பின்னால் உரமூட்டையும் கட்டிக்கொண்டு இந்த வண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை மலையில் வண்டி ஓட்டிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதனால்தான் பட்டறையில் மாட்டிய விளக்கும் கண்ணாடியும் சட்டத்தின் கண்ணில் எதையும் மாற்றவில்லை என்கிறேன். வாகனத்தின் அமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதை 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறாக மாற்றப்பட்ட வாகனத்தைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான், கேரள உயர் நீதிமன்றம் உரிமையாளருக்குச் சாதகமாகச் சொன்னதை உச்ச நீதிமன்றம் மாற்றியது. அதற்குப் பிறகு கேரள மோட்டார் வாகனத் துறையினர் மாற்றியமைத்த வண்டிகளின்மேல் காட்டும் கண்டிப்பை மலையோரத்து ஜீப் ஓட்டுநர்கள் அனைவரும் அறிவார்கள். உங்கள் விஷயத்தில் அந்த இன்டிகேட்டர்கள் இன்னொரு வகையிலும் பாதகமாகக்கூடும். அதைக் கீழே சொல்கிறேன்.

தோட்டத்துக்குள் ஓட்ட ஆர்.சி. தேவையில்லை என்று விற்றவர் சொன்னது பாதி உண்மை. சட்டத்தின் 2(28)ஆம் பிரிவு மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும்படி தனிவகையாக அமைந்த வண்டியை விலக்கிவைக்கிறது. இந்த விலக்கு உங்களுக்குக் கிடைத்தால் பதிவு என்ற பேச்சே இல்லை. கிடைக்காவிட்டால் சிக்கல், ஏனென்றால் 39ஆம் பிரிவு ‘பொது இடத்திலோ வேறெந்த இடத்திலோ’ என்று சேர்த்தே சொல்கிறது. சொந்த நிலம் என்ற ஒன்றை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சுரங்கங்களில் ஓடும் டம்பர் லாரிகளைப் பற்றி இந்த வாதம் பல ஆண்டுகளாக உச்ச நீதிமன்றத்தில் நடந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டின் போலானி சுரங்க வழக்கில், உரிமையாளரின் வளாகத்துக்குள் மட்டுமே வேலைசெய்யும் வண்டிகளுக்கு வாகன வரி கேட்க முடியாது என்றார்கள். 1992இல் மத்திய நிலக்கரி நிறுவன வழக்கில், ரப்பர் டயரோடு சாலையில் ஓடத்தக்கதாக இருக்கும் டம்பரும் மோட்டார் வாகனம்தான் என்றார்கள். மிக அண்மையில், 2025 ஆகஸ்டில், விசாகப்பட்டினம் எஃகு ஆலையின் சுற்றுச்சுவருக்குள் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு ஆந்திர அரசு வரி கேட்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைச் செய்தியில் படித்துவிட்டு என்னிடம் கேட்ட தோட்டக்காரர்கள் உண்டு. ஆனால் அது வரியைப் பற்றிய தீர்ப்பு. அங்கே சுவர் இருந்தது, வாசலில் மத்தியப் பாதுகாப்புப் படையினர் நின்று உள்ளே வருவோரைச் சோதித்தார்கள், பொதுமக்களுக்கு நுழையும் உரிமை இல்லை.

உங்கள் தோட்டத்துக்கு அப்படி ஓர் அடைப்பு இருக்கிறதா என்பதை நீங்களே நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஏலமலையில் தோட்டப் பாதை என்று நாம் சொல்வதில் பாதி, பக்கத்துத் தோட்டக்காரரும் தொழிலாளர் வீடுகளான லயத்தில் குடியிருப்பவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் காலையில் கம்பத்திலிருந்து வேலைக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புகளும் பல காலமாகப் பயன்படுத்துவது. 2(34)ஆம் பிரிவின்படி, பொதுமக்களுக்குச் செல்ல உரிமையுள்ள எந்த வழியும், அது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழியாக இல்லாவிட்டாலும், பொது இடம்தான். பட்டா உங்கள் பெயரில் இருப்பது இதற்குப் பதிலாகாது. முள்கம்பியும் பூட்டிய கேட்டும் உள்ள பகுதிக்குள், சொந்தத் தோட்ட வேலைக்கு மட்டும் ஓட்டுவதை நான் நீதிமன்றத்தில் தயங்காமல் நியாயப்படுத்துவேன். நடைமுறையில் எந்த அதிகாரியும் அங்கே வந்து கேட்பதுமில்லை. திறந்து கிடக்கும் பாதை என்றால் என்னால் அந்த உறுதியைத் தர முடியாது. அங்கேதான் அந்த இன்டிகேட்டர்கள் உங்களுக்கு எதிராக நிற்கும். அடைத்த வளாகத்துக்கு மட்டுமான வண்டி என்று நாம் வாதிடும்போது, அப்படியானால் இடம் வலம் காட்டும் விளக்கு யாருக்குக் காட்ட என்று அரசுத் தரப்பு கேட்டால், பதில் சொல்வது கடினம். அவற்றைக் கழற்றிவிடுவதே நல்லது. இருட்டில் வேலை செய்ய முகப்பு விளக்கு இருக்கட்டும்.

சாலையைக் குறுக்கே கடப்பதற்கு மட்டும் தனிச்சலுகை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எத்தனை மீட்டர் என்று சட்டம் அளந்து பார்ப்பதில்லை.

தேனியில் பதிந்துகொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். தேனியில் எந்தப் படிவம் 22ஐக் கேட்கிறார்களோ அதையேதான் நெடுங்கண்டத்திலும் கேட்பார்கள். விண்ணப்பம் இப்போது ‘வாகன்’ என்ற அரசுப் பதிவு இணையதளம் வழியாகத்தான் போகிறது. ஒப்புதல் பெற்ற மாடல்களின் பட்டியலில் உங்கள் மாடல் இல்லை என்றால் அங்கே மேற்கொண்டு நகர வழியில்லை. பழைய ஜீப் ஒன்றின் ஆர்.சி.யை இதற்குப் பொருத்தித் தருகிறேன், எண் பலகை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் தரகர்களும் இரண்டு பக்கத்து எல்லையிலும் இருக்கிறார்கள். அது மோட்டார் வாகனக் குற்றமாக நிற்காமல் மோசடி வழக்காக மாறிவிடும். முறையாகப் பதியத்தக்க வண்டி ஒன்றை நீங்கள் பின்னாளில் வாங்கினாலும், 40ஆம் பிரிவின்படி அதை வழக்கமாக எங்கே வைத்திருக்கிறீர்களோ அந்த மாநிலத்தில்தான் பதிய வேண்டும். கம்பத்தில் வீடு இருக்கிறது என்பதற்காகத் தமிழ்நாட்டு எண் வாங்கி, வண்டியை ஆண்டு முழுவதும் வண்டன்மேட்டுத் தோட்டத்தில் நிறுத்திவைத்தால், 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்ததற்காக 47ஆம் பிரிவின்படி அந்த மாநிலத்தின் புதிய பதிவெண் வாங்கவும், கேரள வரி கட்டவும் நேரும்.

அபராதத் தொகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவில்லாத வாகனத்தை ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 வரை. இரண்டாம் முறை 5,000 முதல் 10,000 வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ. காப்பீடு இல்லாததற்கு 196ஆம் பிரிவில் முதல் முறை 2,000 ரூபாயோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ தனி. 207ஆம் பிரிவின்படி வண்டியை அங்கேயே பிடித்துவைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் வண்டியைப் பிடிக்காமல் சீட்டு மட்டும் எழுதியது அந்த அதிகாரி காட்டிய தயவு என்றே நினைக்கிறேன். பிடித்திருந்தால், ஆர்.சி. காட்டி மீட்கும் வழி உங்களுக்கு இல்லாததால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பொறுப்பில் கேட்டு மனுப்போட்டு, பில்லை வைத்து உரிமையை நிரூபித்து, உத்தரவாதம் எழுதிக் கொடுத்துத்தான் வெளியே எடுத்திருக்க முடியும்.

ஆனால் அபராதம் சிறிய விஷயம். இந்தத் தொழிலில் நான் அஞ்சுவது விபத்து இழப்பீட்டை. பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 146ஆம் பிரிவின்படி கட்டாயம். பதிவு செய்ய முடியாத வண்டிக்கு அந்தக் காப்பீடு கிடைக்காது. காலையில் வெயில் ஏறுமுன் வேலைக்கு இறங்கும் ஒரு தொழிலாளியின் மேல் ஊராட்சிச் சாலையில் உங்கள் வண்டி மோதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் என்று கணக்கிட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பல லட்சங்களுக்குப் போகும். காப்பீடு உள்ள வண்டி என்றால், லைசென்ஸ் போன்றவற்றில் குறையிருந்தாலும் முதலில் நிறுவனம் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயங்கள் சொல்வதுண்டு. இங்கே நிறுவனமே இல்லை. முழுத்தொகைக்கும் நீங்கள்தான், உங்கள் தோட்டத்தின் மீது ஜப்தி வரைக்கும். அந்தக் குடும்பம் கம்பத்தையோ கூடலூரையோ சேர்ந்தது என்றால், விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும் 166ஆம் பிரிவின்படி தாங்கள் வசிக்கும் தேனி மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே அவர்கள் வழக்குப் போடலாம். எல்லை தாண்டி நடந்தது என்பது உங்களுக்குக் கேடயமாகாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான குற்ற வழக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையோடு, தனியாக நடக்கும். வண்டிக்கே ஏதேனும் பாலிசி எடுத்திருந்தாலும், பதிவில்லாமல் பொதுச்சாலையில் பயன்படுத்துவது ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்று 2014ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேதத்துக்கும் திருட்டுக்கும்கூட அதிலிருந்து பணம் வராது.

உங்கள் மகனைப் பற்றி எழுதிய ஒரு வரிதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலையளித்தது. பதினெட்டு வயது நிறையாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது. பதினாறு வயதில் கிடைக்கும் சலுகை, 50 சி.சி.க்கு மேற்படாத கியரில்லா இரு சக்கர வண்டிக்கு மட்டும். சிறுவர் ஓட்டும்போது குற்றம் நடந்தால் 199ஏ பிரிவு பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் குற்றவாளியாக வைக்கிறது. உங்கள் விஷயத்தில் இருவரும் நீங்களே. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தமக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க முயன்றேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையது. அவ்வப்போது ஓட்டிப்போகிறான் என்று கைப்பட எழுதிய பிறகு அந்த வாதத்துக்கு இடமேது? பையனுக்கும் அதன் பிறகு 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. வண்டியின் பதிவைப் பன்னிரண்டு மாதம் ரத்து செய்யவேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது; உங்கள் வண்டிக்கு ரத்து செய்யப் பதிவே இல்லை என்பது ஆறுதலாகாது. சாவியை இன்றே உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்கென்று 49 சி.சி. எஞ்சினோடு விற்கும் பொம்மை போன்ற ஏ.டி.வி.களும் இதே கணக்கில்தான் வரும். 25 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்குச் சட்டம் தரும் விலக்கும் நான்கு சக்கரத்துக்குக் குறைந்தவற்றுக்கே.

சட்டப்படி சாலையில் ஓடும் ஏ.டி.வி. இந்தியாவில் இல்லவே இல்லையா என்றால், உண்டு. டிராக்டர் என்ற பெயரில். 2020ஆம் ஆண்டு போலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாடலை வேளாண் டிராக்டர் வகையில் ஒப்புதல் பெற்று அறிமுகப்படுத்தியது. அப்போதைய விலை 8 லட்சத்தை ஒட்டியது. கருவியோ டிரெய்லரோ பூட்டி வயல் வேலை செய்ய வடிவமைத்த நான்கு சக்கர வண்டி வேளாண் டிராக்டர் என்ற விதியின் வரையறைக்குள் அது நுழைந்தது. அப்படி ஒப்புதல் பெற்ற வண்டிக்குப் படிவம் 22 உண்டு, பதிவெண் உண்டு, காப்பீடு உண்டு; கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமம் இருந்தாலே போதும், ஏனென்றால் எடை குறைந்த டிராக்டரையும் சட்டம் அந்த வகுப்பில்தான் சேர்க்கிறது. ஒரே கம்பெனியின் ஒரே பெயருள்ள வண்டியிலும் சாலைக்கான பதிப்பு வேறு, சாலையல்லாத பதிப்பு வேறாக இருக்கலாம்; கடைக்காரர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, பணம் கட்டுமுன் படிவம் 22ஐக் கையில் வாங்கி, அதிலுள்ள சேஸிஸ் எண் வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். குவாட்ரிசைக்கிள் என்றொரு வகை 2018 முதல் சொந்த உபயோகத்துக்கும் பதியப்படுகிறதே, அதில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பஜாஜ் க்யூட் போன்ற, கூரையும் கதவும் உள்ள சிறுவண்டிகளுக்கான வகை அது. ஹேண்டில்பாரும் திறந்த சீட்டும் உள்ள வண்டிக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவில் அரிசோனா போன்ற மாநிலங்களில் விளக்கும் கண்ணாடியும் மாட்டி எண் பலகை வாங்கி ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். விற்றவர் அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் உங்களுக்கு யோசனை சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. அந்தச் சலுகையை அங்கே அந்த மாநிலச் சட்டம் கொடுத்திருக்கிறது. நம் சட்டம் கொடுக்கவில்லை.

விருந்தினருக்கு வாடகைக்கு விடும் எண்ணத்தை இந்த வண்டியை வைத்துத் தொடங்க வேண்டாம். வாடகை வாங்கிய நிமிடத்திலேயே, சொந்தத் தோட்ட வேலைக்கான வண்டி என்ற உங்கள் ஒரே நல்ல வாதம் போய்விடுகிறது. டிராக்டராகப் பதிந்த வண்டியையும் சுற்றுலாவுக்குப் பயன்படுத்த முடியாது. சாகசச் சுற்றுலா நடத்தக் கேரள அரசுக்குத் தனிப் பாதுகாப்பு விதிமுறைகள் இருக்கின்றன. தனியாக ஓட்டுதளம், பயிற்சி பெற்ற ஆள், தலைக்கவசம், விபத்துக் காப்பீடு ஆகியவற்றோடு அந்த வழியில் போவதானால் போகலாம். 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளையே நிறுத்திவைத்து, பிறகு கட்டுப்பாடுகளோடு விட்டதை நீங்கள் அறிவீர்கள். முறையாகப் பதிவான ஜீப்புக்கே அந்த நிலை. விருந்தினர் ஆர்வத்தில் தோட்ட எல்லையைத் தாண்டி மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காப் பக்கமோ பெரியாறு புலிகள் காப்பகப் பக்கமோ வண்டியை விட்டால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். அங்கே அபராதம் கட்டிவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப முடியாது.

இனி நடைமுறையில் செய்ய வேண்டியவை. மேல் துண்டுக்கும் கீழ் துண்டுக்கும் இடையே வண்டியைக் கொண்டுபோக வேண்டுமானால், பிக்கப் வண்டியில் ஏற்றிக் கட்டிக் கொண்டுபோங்கள். அப்போது அது சாலையில் ஓடும் வாகனம் அல்ல, வெறும் சரக்கு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 66ஆம் பிரிவில் பெர்மிட் தேவையில்லை என்பதால், மலையில் ஓடும் சிறிய பிக்கப்புகளில் பல இதற்குப் போதும், ஆர்.சி.யில் மொத்த எடை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டும்போது உங்கள் பெயரிலுள்ள பில்லின் நகலை உடன் வைத்திருங்கள். உள்ளபடி சொன்னால், தினமும் ஏற்றி இறக்குவது யாருக்கும் கட்டாது. இரண்டு துண்டுகளின் வேலையையும் தனித்தனியாகப் பிரித்து, இந்த வண்டியை மேல் துண்டோடு நிறுத்திவிட்டு, சாலை வழிப் போக்குவரத்துக்குப் பதிவுள்ள பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொள்வதே கணக்குக்கு ஒத்துவரும். தொழிலாளிகளில் யார் இதை ஓட்டலாம் என்று ஒருவரை மட்டும் குறித்து, பழக்கி, தலைக்கவசம் கொடுங்கள். பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்று சொல்லிவையுங்கள். தோட்டத்துக்குள் வேலை நேரத்தில் கவிழ்ந்தாலும், பணியிட விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளிக்குத்தான்.

கையிலிருக்கும் அபராதச் சீட்டைப் பற்றி. ஊராட்சிச் சாலையில் ஓடியபோது நிறுத்தியிருக்கிறார்கள், அதை நீங்களும் மறுக்கவில்லை. எதிர்த்து வழக்காடுவதால் பயனில்லை. சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ள 200ஆம் பிரிவு வழி தருகிறது. நீதிமன்றத்துக்குப் போகுமுன் கட்டிவிடுங்கள். கட்டும்போது சீட்டில் எந்தப் பிரிவுகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று படித்துப் பாருங்கள். மாற்றியமைத்த வாகனம் என்று 182ஏ பிரிவையும் சேர்த்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் என்று கேட்கக்கூடும், அப்படியானால் கட்டுவதற்கு முன் சீட்டின் நகலோடு என்னையோ கட்டப்பனையில் உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞரையோ பாருங்கள். கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இது உங்கள் முதல் குற்றமாகக் கணக்கில் ஏறிவிடும். அடுத்த முறை அதே சாலையில் அதே வண்டி நின்றால், இரண்டாம் குற்றத்துக்கான பிரிவில்தான் எழுதுவார்கள். விற்றவர், சாலையில் ஓட்டலாம் என்று எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ உறுதி சொல்லியிருந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். அவர் வியாபாரமாக வண்டி விற்பவர் என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு இரண்டாண்டுக் காலம் இருக்கிறது. ரிசார்ட்டுக்காரர் தம் பழைய வண்டியைத் தாமே விற்றது என்றால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும், உரிமையியல் நீதிமன்றம்தான்.